தலைவருக்கு டூர் போடுவது எப்படி?

புதிதாகப் பி.ஏ. ஆகியிருக்கும் தம்பிக்கு: டைரியில் முதலில் சட்டசபைத் தேதியைக் குறி என்று எவராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகத்தைக் குறி. முகூர்த்தம் நகராது. சபை நகரும்.

விக்கிரவாண்டியைப் பார். 2024-இல் ஜூன் 24 அன்று கூடுவதாக இருந்தது பேரவை. ஜூலை 10 இடைத்தேர்தல் என்றதும் ஜூன் 20-க்கே வந்துவிட்டது. காலையும் மாலையும் உட்கார்ந்து மானியக் கோரிக்கைகளைத் தீர்த்து 29-ஆம் தேதி எழுந்தார்கள். பிரச்சாரம் ஓய்ந்தது ஜூலை 8. நடுவில் கிடைத்த நாட்கள்தாம் டூர் புரோகிராம். அதே கூட்டத்தொடரில் கள்ளக்குறிச்சி விஷச்சாராய விவகாரத்தை எழுப்பிய அ.தி.மு.க. உறுப்பினர்களை மிச்ச நாளுக்கெல்லாம் சஸ்பெண்ட் செய்தார்கள். ஊர் சுற்ற நேரமோ நேரம். ஆனால் அந்தக் கட்சி இடைத்தேர்தலையே புறக்கணித்திருந்தது. டூர் போடும் தொழிலில் இப்படியும் விரயமாகும்.

உன் தலைவர் எதிர்க்கட்சியா? கேள்வி நேரம் முடிந்ததும் வெளிநடப்பு. கோட்டை வாசலில் மைக்குக்கு ஐந்து நிமிடம், பிறகு ஜி.எஸ்.டி. ரோடு. விழுப்புரம் 160 கி.மீ.; செங்கல்பட்டு நெரிசல் விட்டால் மூன்று மணி நேரம். திண்டிவனத்தில் மட்டும் நிறுத்தாதே. மாலை போட ஒருவர் வந்தால் சால்வையோடு நாற்பது பேர் வருவார்கள்.

அனுமதி இல்லாமல் 60 நாள் சபைக்கு வராவிட்டால் பதவி காலி என்று அரசியல் சட்டத்தின் 190-ஆம் பிரிவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பயப்படாதே. தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் சபை ஒத்திவைக்கப்பட்டால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. நம் சபை கூடுகிற வேகத்தில் அறுபதை எட்டுவதற்குள் அடுத்த பொதுத்தேர்தலே வந்துவிடும்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது விழுப்புரம் பக்கத்துத் திருவாமாத்தூர்க் கோயிலில். அபிராமேசுவரர் தரிசனம், முத்தாம்பிகைக்கு அர்ச்சனை, போட்டோ எல்லாம் போடு. வட்டப்பாறைப் பக்கம் மட்டும் கூட்டிப் போகாதே. அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது ஊர் நம்பிக்கை. தம்பி பணத்தைக் கைத்தடிப் பூணுக்குள் ஒளித்து, தடியைத் தம்பியிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, “என்னிடம் இல்லை” என்று சத்தியம் செய்த அண்ணனைத் தும்பூரில் பாம்பு தீண்டியதாம். அவ்வளவு சாமர்த்தியக்காரனுக்கே அந்தக் கதி.

நம் ஆளோ மேடைக்கு மேடை, “உங்கள் ஊர்ப் பிரச்சினையைச் சட்டசபையில் முழங்கினேன்” என்பார். பேரவைக் குறிப்பில் அன்றைக்கு அவர் பேரே இராது. ஒன்றியச் செயலாளர் பாறைக்குக் கூப்பிட்டால், “தலைவருக்கு அவசர சட்டசபை வேலை” என்று சொல்லிக் காரை எடு.