ஆடி மாதத்துத் தீபாவளிக்கு அங்கீகாரம் கோரல்

பெறுநர்: பொது விடுமுறைகளை வர்த்தமானியில் அறிவிக்கும் அதிகாரிகள், கொழும்பு.

மதிப்புக்குரியீர்,

தீபாவளி ஐப்பசியில் வருவதாகத் தங்கள் வர்த்தமானி சொல்கிறது. கொக்குவிலில் அச்சாகும் வாக்கிய பஞ்சாங்கமும் அதையே சொல்கிறது. ஆனால் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் இலண்டனின் ஹரோவிலும் படிக்கும் யாழ்ப்பாணத்து இணுவிலின் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் இரண்டையும் வாசிப்பதில்லை. அங்கே நெடு லீவு ஜூலை, ஆகஸ்டில். ஆகவே பிள்ளைகள் வந்திறங்கினால் பண்டிகை என்று இணுவில் குசினிகள் தாமாகவே தீர்மானித்துவிட்டன.

பொங்கலும் அப்படித்தான். காலபோக அறுவடை முடிந்து ஆறு மாதமானபிறகு, ஆகஸ்ட் வெயிலில், முற்றத்தில் கோலம் போட்டு, கடை அரிசியில் புக்கை பொங்குகிறது. கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது உண்மைதான். லீவு மட்டும் தரவில்லை. தைப்பூசத்தன்று இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் வீதிவலம் வரும்போது, மகன் ரொறன்ரோவில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருப்பார். மஞ்சத்தையும் ஆகஸ்டில் இன்னொருமுறை இழுக்கச் சொல்லிக் கேட்க இதுவரை ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

காலத்தை நகர்த்துவது தங்களுக்குப் புதிதல்ல. 1966இல் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயா நாள்களை வார விடுமுறையாக்கினீர்கள். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. 1996இல் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னே தள்ளி, அதே ஆண்டு அரைமணி பின்னே இழுத்து, 2006இல் பழைய இடத்தில் விட்டீர்கள். 2022இல் வீட்டுத்தோட்டம் செய்யவென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமையும் லீவு கிடைத்தது. கத்தரிக்கன்றுக்குக் கிடைத்த சலுகையைத்தான் இந்தக் குசினிகள் பேரப்பிள்ளைக்கும் கேட்கின்றன.

திகதி குறிப்பதுதான் சிக்கல். தீபாவளி என்றால் ஆட்டிறைச்சிப் பங்கு வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறினால் 25 நாளுக்குப் பல வீடுகளில் மச்சம் இல்லை. 2025ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இலண்டன் பள்ளிகள் மூடியது ஜூலை நாலாம் வாரத்தில். 24 ஆடி அமாவாசை. 25 ஆடி வெள்ளி. 28 ஆடிப்பூரம். 29 நல்லூர்க் கொடியேற்றம். மிஞ்சியது ஒரு சனியும் ஒரு ஞாயிறும். அந்த இரண்டு நாளுக்குள் ஆடு பிடித்து, பங்கு போட்டு, கொழும்பிலிருந்து மச்சாளையும் கூப்பிட்டு, ஒன்றுவிட்ட தமையனோடு இருந்த கோபத்தையும் தீர்த்தாக வேண்டும்.

ஆடிப்பிறப்பு இருக்கிறதே, அதையே கொண்டாடலாமே என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பனங்கட்டி போட்ட ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் யாருக்குக் கசக்கும்? ஆனால் அந்த நாளின் விடுதலையைக் கொண்டாடி நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாட்டு எழுதி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பாடியும், தங்கள் விடுமுறைப் பட்டியலில் அது இல்லை. போதாததற்கு, இலண்டன் பிள்ளைகள் வந்துசேரும்போது கூழ்ப்பானை கழுவிக் கவிழ்த்தாகிவிடுகிறது.

எனவே கோரப்படுவன:

1. ஆடிப்பிறப்பைப் பொது விடுமுறையாக அறிவித்தல்.

2. ஆடி முதலாம் திகதியைப் பத்து நாள் பின்போடுதல்.

3. இரண்டும் முடியாதெனில், ஆகஸ்டில் பொங்கும் வீடுகளுக்கு ஜனவரியில் ஒரு நாள் பதில் லீவு வழங்குதல்.

இங்ஙனம்,
இணுவில் குசினிகளின் சார்பில்.

பிரதி: சூரிய பகவான் – தகவலுக்கும், இரண்டாவது கோரிக்கை தொடர்பான நடவடிக்கைக்கும்.