ஹல்க்கா, மெக்கினாவா?

“என்னங்கண்ணா, இன்னும் ரெட்ரீவர்லயே ஓட்டிட்டு இருக்கறீங்களா?”

முந்தாநாள் ராத்திரி ஹெட்போனுக்குள் ஒரு கோயம்புத்தூர்ப் பையன் கேட்டது இது. காலேஜில் இரண்டாம் வருஷமாம். கேட்ட தொனியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஊர்க்காரர்கள் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். அதனால்தான் இன்னும் எரிகிறது. ரெட்ரீவருக்கு என்ன குறை என்று கேட்கிறேன். விண்கல் பக்கத்தில் போய் நிற்கிறது, லேசர் போட்டு வெட்டுகிறது, தொட்டி நிறைந்ததும் ஸ்டேஷனுக்குத் திரும்புகிறது. ஒரு சுரங்கக் கப்பல் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? ஆனாலும் அவன் கேட்ட நிமிஷத்திலிருந்து அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெயின்ட்கூட மங்கின மாதிரி தெரிகிறது. (கம்ப்யூட்டரில் பெயின்ட் மங்காது. தெரியும்.)

ஆகவே கப்பலை மாற்றுவது என்று ஆகிவிட்டது. மாற்றினால் ஹல்க்கா, மெக்கினாவா? ஹல்க் அதிகம் வெட்டும். மெக்கினாவுக்குத் தொட்டி பெரிது. எது சரி என்பதை இந்தக் கட்டுரையில் தீர்த்து வைக்கிறேன். இந்தக் கப்பல்கள் ஓடுகிற ஈவ் ஆன்லைன் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தை ஆடாதவர்களும் படிக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பைக்கையோ போனையோ யாரோ ஒருவன் பார்த்த பார்வைக்காக நீங்களும் மாற்றியிருப்பீர்கள். அதே வியாதிதான்.

முதல் தொல்லை, காத்திருப்பு. ஐஸ்லாந்துக்காரர்கள் 2003-இல் ஆரம்பித்த இந்த ஆட்டத்தில் காசு இருந்தால் மட்டும் கப்பலில் ஏற முடியாது, ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு நிஜமான நாட்களில்தான் ஏறும்; நீங்கள் தூங்கினாலும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். மொத்தம் 5 படி. முதல் 4 படிக்கும் சேர்த்து எவ்வளவு நேரம் ஆகுமோ அதைப்போல் 4 மடங்குக்கு மேல் ஆகும், அந்த ஐந்தாவது படிக்கு மட்டும். ஹல்க்கானாலும் மெக்கினாவானாலும் ஐந்தாவதைத் தாண்டாமல் தொட முடியாது. 2016-இல் இதற்கும் குறுக்கு வழி வந்தது. அடுத்தவன் தலையில் ஏறிய படிப்பை உறிஞ்சி எடுத்து, ஊசியில் அடைத்து விற்கலாம். வாங்கிக் குத்திக்கொண்டால் அன்றைக்கே மேதை. கோயம்புத்தூர்ப் பையன் அப்படித்தான் ஏறியிருப்பான் என்பது என் சந்தேகம். நான் ஐ.டி.ஐ.யில் அட்டெண்டன்ஸ் போட்டுப் படித்தவன். ஊசி எல்லாம் நமக்கு ஆகாது. விலையும் அதிகம்.

நான் வேலை பார்ப்பது ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரங்களில் விடிகாலை நாலு மணிக்கு, நாய்கூட எழுந்திருக்காத நேரத்தில், பாரூர் ஏரிக்கரைப் பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பேன். ஏரித் தண்ணீர் கருப்பாகத் தெரியும், கொசு தெரியாது. திரும்பி வந்து, குளித்து, டீயோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது சாயங்காலம் நாலே கால். ஈவ் ஆன்லைனின் சர்வரைத் தினமும் ஒரு தடவை நிறுத்திப் போடுவார்கள். அது ஐஸ்லாந்தில் காலை 11 மணி, பாரூரில் சாயங்காலம் 4:30. ஆக, கப்பல் பாறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், சர்வர் போயிருக்கும்.

சரி, கம்பெனியில் என்ன வேலை? லைனில் ஒரு பாகம் முடிய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது. சைக்கிள் டைம். மாசம் ஒரு கைசன் எழுதித் தர வேண்டும், போர்டில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு போட்டோ ஒட்ட வேண்டும். போன வருஷம் இடது பக்கம் இருந்த ஒரு டிரேயை வலது பக்கம் மாற்றி வைத்தேன். சைக்கிளுக்கு 2 வினாடி மிச்சம். கைதட்டி ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கப்பலில் ஏறினால் அங்கே என் லேசருக்கும் சைக்கிள் டைம்! அதைக் குறைக்க என்ன மாட்டலாம் என்று ராத்திரி ஒரு மணி வரை யோசிக்கிறேன். டிபன் பாக்ஸும் கிடையாது.

இன்னும் கேளுங்கள். கம்பெனியில் ரிஜெக்‌ஷன் இருக்கிறதே, அது அங்கே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். 2021 டிசம்பரில் அதையும் கொண்டுவந்தார்கள்: சில லேசர்கள் வெட்டும்போது பாறையில் ஒரு பங்கு யாருக்கும் ஆகாமல் வீணாய்ப் போகும். இப்போது நான் வீட்டிலும் ரிஜெக்‌ஷன் கணக்கு வைத்திருக்கிறேன். எதில்? எக்ஸலில். ஈவ் ஆடுகிறவன் எவனும் எக்ஸல் இல்லாமல் ஆடுவதில்லை. 2022-இல் மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து எக்ஸலுக்கே ஒரு இணைப்பு வருகிறது என்று அறிவித்தபோது, ஐஸ்லாந்தில் கூடியிருந்த ஆட்டக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். சினிமாவில் கதாநாயகன் வரும்போது விசில் அடிப்பவர்களைத் திட்டுகிறோம். இவர்கள் எக்ஸலுக்கு அடித்திருக்கிறார்கள்.

என் கம்பெனி ஷீட்டில் 3 நிறம். கப்பல் ஷீட்டில் 7. கம்பெனி ஷீட் தப்பாயிருந்தால் சூப்பர்வைசர் கத்துவார். கப்பல் ஷீட் தப்பாயிருந்தால் நானே என்மேல் கத்துகிறேன். 5எஸ் ஆடிட்டில் எங்கள் லைன் சுமார்தான், ஆனால் என் ஹேங்கரை வந்து பாருங்கள்: தாது ஒரு பக்கம், உருக்கியது ஒரு பக்கம், ஸ்பேர் தனி, எல்லாவற்றுக்கும் பெயர். வீட்டில் என் சட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்தக் கப்பல் வேலைக்குப் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கேன்டீன் இல்லை, ஓ.டி. இல்லவே இல்லை. போதாக்குறைக்கு மாசச் சந்தா நான் கட்டுகிறேன். சந்தா கட்டாதவன் ஹல்க்கில் உட்கார முடியாது. வேலையும் பார்த்துக் காசும் கொடுக்கிற தொழிலாளி! ஓசூர், பெங்களூர் லேபர் கான்ட்ராக்டர்கள் யாராவது படிக்கிறீர்கள் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

மாட்டுகிற கதையையும் சொல்லிவிடுகிறேன். வெட்டு கூட வேண்டுமென்றால் லேசருக்கு அப்கிரேடு ஒன்று மாட்ட வேண்டும். அதை மாட்டினால் லேசர் இன்னும் அதிகம் சி.பி.யு. கேட்கும். சி.பி.யு. போதாது என்று சிவப்பில் எழுத்து வரும். அதற்கு ஒரு கோ-ப்ராசஸர் மாட்டலாம். எங்கே மாட்டுவது? அந்த அப்கிரேடு உட்கார்ந்திருக்கிற அதே வரிசையில்தான். ஆக, அப்கிரேடு வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரு அப்கிரேடைக் கழற்ற வேண்டும். இதை நான் என் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏம்பா, இத்தினி நாளா கல்லு வெட்டறியே, லாரி எப்ப வரும்?” என்றது. கிருஷ்ணகிரி மாவட்டம், கிரானைட் பூமி. கேள்வியில் தப்பில்லை.

சாமான் வாங்க ஜீட்டாவுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தை மாதிரி எந்நேரமும் கூட்டம். ‘எனக்குப் பணம் அனுப்பு, இரட்டிப்பாக்கித் திருப்பித் தருகிறேன்’ என்று ஓயாமல் ஒருத்தன் கூவிக்கொண்டிருப்பான். ஆட்டத்துக்குள் ஏமாற்றுவது அங்கே குற்றமில்லை. ஈமு கோழிக்குப் பணம் கட்டிய கொங்குச் சீமையைப் பார்த்தவன், நான் சிக்கவில்லை. ஐரோப்பாக்காரர்கள் தினமும் கட்டுகிறார்கள்.

இதெல்லாம் தாண்டிப் புதுக் கப்பல் எடுத்தால், அன்றைக்குத்தான் பயம் ஆரம்பம். சின்னச் சின்ன, விலை மலிந்த கேட்டலிஸ்ட் கப்பல்களில் ஒரு கும்பல் வரும், சேர்ந்து அடிக்கும். கான்கார்ட் என்று ஒரு போலீஸ் இருக்கிறது. சில வினாடிகளில் வந்து அடித்தவன் அத்தனை பேரையும் அழித்துவிடும், தப்பவே முடியாது. அதற்குள் உங்கள் கப்பல் பொடியாகியிருக்கும். அடித்தவனுக்கு அது தெரியும், அந்த நஷ்டத்தையும் கணக்குப் போட்டுத்தான் வருகிறான். அவனுக்கும் எக்ஸல் இருக்கிறது. ஹல்க் என்றால் அவர்களுக்குத் தனிப் பிரியம். ஹல்க் வேட்டைக்கென்றே ‘ஹல்கக்கெடான்’ என்று பெயர் வைத்துப் பரிசு கொடுத்துப் போட்டி நடத்தியவர்கள்.

இன்ஷூரன்ஸ் உண்டு, 12 வாரத்துக்கு. கூட்டுக்கு மட்டும், உள்ளே மாட்டிய சாமானுக்குக் கிடையாது. சாதா ரெட்ரீவர் போனால் சுமாராகக் கைக்கு வரும். ஹல்க், மெக்கினா மாதிரி உயர்ந்த ரகம் போனால், சந்தை விலையில் மூக்குப்பொடிக்குக்கூடக் காணாது. மேலே போகப் போகப் பாதுகாப்பு குறைகிறது. என் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, “அப்பறம் எதுக்கு மாமா மாத்தறீங்க?” என்றான். மச்சான்கள் இப்படித்தான்.

அப்கிரேடு என்பது எங்கே போய் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இந்த ஆட்டத்தின் ஆகப் பெரிய கப்பல் டைட்டன். கட்டவே மாசக் கணக்காகும், ஒரு ஆளால் ஆகாது. 2014 ஜனவரி 27-ஆம் தேதி, பி-ஆர்5ஆர்பி என்கிற இடத்தில், ஒரு கூட்டணி அந்த இடத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போயிற்று. வாடகை பாக்கி, அவ்வளவுதான். எதிராளிகள் இறங்கினார்கள். 7,500 பேருக்கு மேல் கலந்துகொண்ட சண்டை, 21 மணி நேரம். கூட்டம் தாங்காமல் ஆட்டத்தின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்து ஓட்டினார்கள். 75 டைட்டன்கள் சாம்பல். நிஜக் காசில் 3 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். மாசத் தவணை பவுன்ஸ் ஆனால் நம்மிடம் போனில் மிரட்டுகிறார்களே, அதோடு விட்டார்களே என்று இருக்கிறது.

கடைசியாக, பழைய ரெட்ரீவர். அதில் ரிக் என்கிற பாகம் 3 பொருத்தியிருக்கிறேன். ரிக்கைக் கழற்றினால் உடைந்துவிடும். மடித்துக் கட்டிச் சந்தையில் விற்றாலும் ரிக் போய்விடும். ரிக்கோடு கொடுக்க வேண்டுமென்றால் தனி ஒப்பந்தம் போட்டு ஆள் பார்க்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மேளா எதுவும் அந்த விண்வெளியில் கிடையாது. ஆடி மாசத்தில்கூட.

ஹல்க்கா, மெக்கினாவா என்ற விஷயத்துக்கு வர நினைத்தேன். நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், நாலு மணிக்கு பஸ். தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். ‘ஸ்கிஃப் வாங்குங்கள், கெட்டியான கப்பல், லேசில் உடையாது’ என்று சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அது எனக்கே தெரியும்.