புறத்திணையியல்: ஒரு புடலம்பந்தலை முன்வைத்து

ஆய்வுக் களம்: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே ஒரு குடியிருப்பு. ஆய்வுப் பொருள்: ஆறடி மரவேலிக்குப் பின்னால் எழுந்த ஏழடிப் புடலம்பந்தல். ஆய்வாளர்: பந்தலுக்குச் சொந்தக்காரர். ஆகவே நடுநிலைமையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

தொல்காப்பியர் வாழ்வை அகம், புறம் என்று இரண்டாக வகுத்தார். அவருக்குப் பின் இந்தப் பாகுபாட்டை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிப்பவர்கள் அமெரிக்க வீட்டு உரிமையாளர் சங்கத்தார்தான். எச்ஓஏ என்று இங்குள்ள தமிழர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது இவர்களைத்தான். அகத்தில் அவர்களுக்கு அக்கறை கிடையாது. சமையலறைச் சுவருக்குக் கத்தரிப்பூ நிறம் அடிக்கலாம், படுக்கையறையில் கிரைண்டர் ஓட்டலாம், ஹாலில் ஊஞ்சல் கட்டி ஆடலாம். வாசற்கதவைத் தாண்டி ஓர் ஆணி அடித்தால் அது புறம். விண்ணப்பம் போட வேண்டும்.

சங்கம் என்றதும் மதுரை ஞாபகம் வரக் கூடாது. அந்தச் சங்கத்தில் சேரப் புலமை வேண்டும். இந்தச் சங்கத்தில் சேர வீடு வாங்கினால் போதும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில், கடன் காகிதங்களுக்கு நடுவே ஒரு நிபந்தனை சாசனமும் வரும். நாம் வட்டி எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓட்டின் நிறத்தையும் புல்லின் உயரத்தையும் குப்பைத்தொட்டி தெருவுக்குத் தெரியலாமா என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நாடு முழுக்க இப்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள். ஒவ்வொன்றிலும் புறத்தைக் காப்பதற்கென்று ஒரு குழு. எங்கள் ஊரில் அதை ஏசிசி என்பார்கள். நம் ஊரில் ஏசிசி என்றால் சிமென்ட். இங்கே சிமென்ட் போடலாமா கூடாதா என்று சொல்பவர்கள்.

இனி நூல் வரலாறு. 1869இல் சிகாகோவுக்கு அருகே ரிவர்சைடு என்ற ஊரை வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஆம்ஸ்டெட், வீடுகள் சாலையிலிருந்து முப்பதடி தள்ளி நிற்க வேண்டும் என்றார். நல்ல எண்ணம்தான், முன்னால் மரம் வளர இடம் வேண்டுமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேன்சஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கல்ஸ் என்ற மனை வியாபாரி, நிபந்தனைகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதிவைத்தார். உலகப் போர் முடிந்த கையோடு, 1947இல் நியூயார்க்குக்கு அருகே எழுந்த லெவிட்டவுனில் வேலி கூடாது, ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடக் கூடாது என்றார்கள்.

அந்தச் சாசனங்களில் பல, சுவருக்கு மட்டுமல்ல, வீட்டில் குடியிருப்பவரின் தோலுக்கும் நிறம் சொன்னவை. வெள்ளையர் தவிர வேறு யாரும் வாங்கவோ குடியிருக்கவோ கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தப் பத்தியை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. ஆனால் வெளிச்சுவரின் நிறம் பற்றிக் கடிதம் வரும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

சுவரின் நிறத்துக்கு வருவோம். அங்கீகரிக்கப்பட்ட நிறங்களின் அட்டை ஒன்று எங்களிடம் உண்டு. பெயர்கள் ஆங்கிலத்தில் கவித்துவமாக இருக்கும். தமிழில் பகுத்தால் சத்துமாவு, பருப்புப்பொடி, கருகாத ரவை, கருகிய ரவை, ஆறின காபி என்று ஐந்தே வகை. என் நண்பர் ஒருவர் தன் வாசற்கதவுக்கு மஞ்சள் பூசிய நிலைப்படி மாதிரி ஒரு நிறம் கேட்டு, மூன்று முறை விண்ணப்பித்து, கடைசியில் பருப்புப்பொடியில் இறங்கினார். இந்த நிறங்களின் மூல தத்துவம் எளிமையானது: உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது. சுற்றத்தின் மதிப்பு குறையாமல் இருக்க இதுவே வழி என்மனார் கமிட்டியார்.

அகத்துக்கும் புறத்துக்கும் நடுவில் நிற்பது வாசற்படி. உரைகாரர்கள் அதிகம் முட்டி மோதிக்கொண்ட இடமும் அதுவே. சிகாகோவில் ஓர் அடுக்குமாடிச் சங்கம், கதவுக்கு வெளியே மிதியடி, பூட்ஸ், செருப்பு, வேறு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்று விதி செய்தது. நம்மவர்கள் செருப்போடு நிறுத்திப் படித்துவிட்டுப் பதறுவோம். வழக்கு வந்ததோ ‘வேறு எந்தப் பொருளும்’ என்ற கடைசிச் சொல்லில். யூதக் குடும்பங்கள் கதவு நிலையில் பொருத்தும் மெசூசா, அதாவது மறைவசனம் எழுதிய தோல்சுருளை உள்ளே வைத்த சிறு குழல், ஒரு பொருளா இல்லையா? பொருள்தான் என்று சங்கம் கழற்றிப் போட்டது. 2009இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி, இதில் மதப் பாகுபாடு உண்டா என்பதை விசாரித்தே ஆக வேண்டும் என்றது.

டெக்சஸ் 2011இல் இதற்கென்றே சட்டம் செய்தது. வாசற்கதவிலோ நிலையிலோ மதச் சின்னம் வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. எல்லை 25 சதுர அங்குலம். ஐந்துக்கு ஐந்து. நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுத்தர மாவிலை ஒன்று, முனைக் கூர்மையைக் கழித்தால், ஏறத்தாழ பத்துச் சதுர அங்குலம் வருகிறது. ஆக, பத்து ஆண்டுகளாக டெக்சஸ் தமிழர்களுக்குச் சட்டம் அளித்திருந்தது இரண்டரை மாவிலைத் தோரணம். 2021இல் இந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். இப்போது முழுத் தோரணம் கட்டலாம். மாவிலைதான் கிடைப்பதில்லை, இந்தியன் ஸ்டோரில் பிளாஸ்டிக் தோரணம் வாங்கித் தொங்கவிட்டிருக்கிறோம்.

இப்படிச் சங்கத்தின் கைக்கு எட்டாத சில பொருள்களை அரசாங்கம் ஒதுக்கிவைத்திருக்கிறது. ஒரு மீட்டர் வரை குறுக்களவுள்ள டிஷ் ஆன்டெனாவை 1996 முதல் தடுக்க முடியாது. சன் டிவிக்காகக் கூரையில் டிஷ் வைத்த தலைமுறை இந்தச் சட்டத்துக்கு ஒரு சூடம் ஏற்றியிருக்க வேண்டும். அமெரிக்கக் கொடி பறப்பதை 2006 முதல் தடுக்க முடியாது. டெக்சஸில் கூரைச் சூரியத் தகடுகளுக்கும் மழைநீர்ப் பீப்பாய்க்கும் காப்பு உண்டு. புடலங்காய்க்கு இல்லை.

போன வருஷம் மார்ச் கடைசியில் அம்மா ஆறு மாத விசாவில் வந்தார்கள். வந்த மறுநாளே பின்கட்டைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெயில் வீணாப் போறதே” என்றார்கள். நண்பர் வீட்டிலிருந்து புடலை விதை வந்தது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் வேலி போடும் பதினாறடி நீளக் கம்பித் தடுப்பை நான் கடையில் வாங்கி, வண்டிக் கூரையில் கட்டி, மெதுவாக ஓட்டி வந்தேன். வளைத்து நட்டதும் ஏழடிக்குப் பந்தல் நின்றது. ஆநிரை கவர்தலில் தொடங்குவது வெட்சித்திணை. எங்கள் போரும் மாட்டு வேலியில்தான் தொடங்கியது.

ஜூனில் காய் இறங்கியது. புடலங்காயை அதன் போக்கில் விட்டால் சுருண்டுகொள்ளும். நேராக நீள வேண்டுமானால் பிஞ்சிலேயே நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அம்மா முன்பக்கத்துப் பூப்பாத்தியிலிருந்து கூழாங்கற்கள் ஐந்தைப் பொறுக்கி, பழைய புடவைக் கரையைக் கிழித்து, ஐந்து காய்க்கும் கட்டினார்கள். காலையில் காபி டம்ளருடன் போய் ஒவ்வொன்றையும் விரலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பார்கள். ஐந்து கல்லும் ஐந்து வேகத்தில் ஆடும். இவ்வளவு அமைதியான காட்சியை நான் அந்தக் குடியிருப்பில் வேறெங்கும் கண்டதில்லை.

கடிதம் வந்தது. உடன் புகைப்படம். எங்களுடையது முனைவீடு, பக்கத்துத் தெருவிலிருந்து வேலிக்கு மேல் ஓரடி பச்சை தெரிந்திருக்கிறது. ‘முன் அனுமதியற்ற மேம்பாட்டை அகற்றவும்.’ சாசன மொழியில் நிலத்துக்கு மேல் எழுவது எல்லாமே மேம்பாடுதான். மேம்பாட்டை அகற்றச் சொல்லி உலகில் வேறு யாரும் ஒருவருக்கு எழுதியிருப்பார்களா தெரியவில்லை. கீழே இன்னொரு வரி: ‘துணியில் கட்டித் தொங்கும் கற்கள். நோக்கம் தெளிவாக இல்லை.’

“நம்ம வீடுதானேப்பா?” என்றார்கள் அம்மா. இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சொத்துரிமைச் சட்டத்தில் நேரடியான பதில் கிடையாது.

விண்ணப்பப் படிவம் நான்கு பக்கம். கட்டுமானப் பொருள்: கம்பி, கொடி. நிறம்: பச்சை, பூக்கும்போது வெள்ளை. ஒப்பந்தக்காரர் பெயர்: என் தாயார். உரிமம்: ஐம்பது வருஷப் பழக்கம். பணி முடியும் நாள்: முதல் உறைபனி. அண்டை வீட்டார் கையெழுத்து வேண்டுமாம். இடப்பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல மனுஷர், பேனாவை எடுத்துவிட்டார். இது என்ன காய் என்று கேட்டார். நான் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். அதில் பாம்பு வருகிறது. சாரைப்பாம்புக்கே துப்பாக்கி எடுக்கும் ஊர். அவர் பேனாவை மூடிவிட்டு, வேலி இடுக்கு வழியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். அம்மா அவருக்கு ஒரு காயை அறுத்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது.

குழு மறுத்தது. 2021 சட்டப்படி மறுப்பை எழுத்தில் காரணத்தோடு தர வேண்டும். நாம் கேட்டால் முப்பது நாளுக்குள் சங்க நிர்வாகிகள் முன் விசாரணை நடக்க வேண்டும். நாற்பது மனைக்கு மேலுள்ள இடத்தில் நிர்வாகியோ அவர் வீட்டாரோ அந்தக் குழுவில் இருக்கவும் கூடாது. நீச்சல்குளத்துப் பக்கத்து அறையில் விசாரணை. வெளியே குழந்தைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்த வினா ஒன்றே: பந்தல் கட்டடமா, செடியா? கம்பி இருப்பதால் கட்டடம் என்பது அவர்கள் கட்சி. கம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை, தெரிவது இலை; இலை செடி; ஆகவே செடி என்பது என் கட்சி. அப்படியானால் குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் அது கட்டடமாகிவிடுமா என்று கேட்டார் ஒருவர். நல்ல கேள்வி. நச்சினார்க்கினியரே கொஞ்சம் யோசித்திருப்பார். நான் ஃபுளோரிடாவை இழுத்தேன்: மயாமி ஷோர்ஸில் பதினேழு ஆண்டு வீட்டு முன்னால் காய்கறி போட்ட ஒரு தம்பதியை ஊராட்சி தடுக்கப்போய், 2019இல் மாநிலமே காய்கறித் தோட்டத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இது டெக்சஸ், அந்தச் சட்டமும் ஊராட்சிகளைத்தான் கட்டும், சங்கங்களை அல்ல என்றார் நிர்வாகி. இரண்டுமே உண்மை.

தீர்ப்பு வந்தது. கொடி தாவரம், அதில் சங்கத்துக்கு ஆட்சேபமில்லை. பந்தல் ஆறடிக்குள் அடங்க வேண்டும். கற்கள் கட்டுமானப் பொருள். உயரத்தில் தொங்கவிடக் கூடாது. அதே கூழாங்கல் முன்பக்கத்துப் பாத்தியில் தரையில் கிடந்தவரை அங்கீகரிக்கப்பட்ட அலங்காரம் என்பதை நான் சொல்லிப் பார்த்தேன். அது கிடக்கிறது, இது தொங்குகிறது என்றார்கள்.

அம்மா செப்டம்பரில் ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷமும் விதை போட்டோம். பந்தல் ஐந்தேமுக்கால் அடி. காய்கள் கல்லில்லாமல் சுருண்டு சுருண்டு காய்க்கின்றன. கூட்டுக்கு நறுக்கிவிட்டால் வித்தியாசம் தெரிவதில்லை. புடவைக் கரை சுற்றிய ஐந்து கற்களும் கராஜில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அது அகம். அனுமதி தேவையில்லை.