ட்ரெய்னிங் சார்

மே மாதத்துச் சித்தூர் வெயிலில், சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சுருட்டிய சார்ட் பேப்பரை மடியில் கிடத்திக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்று நினைத்து எழுந்து ஓடிவிடாதீர்கள். ஏஜெண்டுகள் கோடையில் இத்தனை கஷ்டப்படுவதில்லை. அவர் அரசு உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர். கோடைப் பயிற்சிக்குப் போகிறார். சொந்தப் பெயர் சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஊருக்கு அவர் ட்ரெய்னிங் சார்.

ஆந்திரத்தில் ஏப்ரல் கடைசி வாரத்தில் பூட்டிய பள்ளிக்கூடம் ஜூன் 12-இல்தான் திறக்கும். சாருக்கு நகரிப் பக்கம் இரண்டு ஏக்கரில் பெங்களூரா மாந்தோப்பு. (வெளியூர்க்காரர்கள் தோதாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் சொல்வது இதைத்தான்.) இந்த வருஷம் கூழ் ஃபேக்டரிக்காரர்கள் என்ன விலை சொல்வார்கள் என்று தோப்புக்காரர்கள் எல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, மண்டலக் கல்வி அலுவலகத்து வாட்ஸப் குழுவில் ஒரு பி.டி.எஃப். வந்து விழும். தன் பெயர் அதில் உண்டா என்று அவர் தேடுவதில்லை. எத்தனையாவது வரிசை என்று மட்டும் பார்ப்பார்.

"இன்னாங்க, இந்த வருஷமும் உங்களயா கூப்டாங்க?" என்பார் வீட்டம்மா.

"இங்கிலீஷ் எடுக்கறவங்க எல்லாரையும்தான் கூப்டறாங்க."

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து படிச்சிக்கினே கீறீங்களே, எப்பதான் பாஸ் ஆவீங்க?"

சார் பதில் சொல்லமாட்டார். வெளியே சலிப்பு இருந்தாலும் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். விடுமுறையில் வேலை வாங்கினால் அதற்கு ஈடாக ஈ.எல்., அதாவது ஈட்டிய விடுப்பு, சேரும், சேர்ந்த ஈ.எல்.லைப் பின்னால் காசாக்கலாம். பிரசண்ட் பெர்ஃபெக்டில் தடுமாறுகிறவர்கள்கூட இந்தக் கணக்கில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

பயிற்சி கார்வேட்டிநகரத்து மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் என்றால் தொல்லை இல்லை. வேணுகோபாலன் மேல் பதம் பாடிய சாரங்கபாணி வாழ்ந்த ஊர். அந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள் வட்டமாக நின்று, உடம்பின் பாகங்களைத் தொட்டுத் தொட்டு ஆங்கிலப் பாட்டுக்கு ஆடுவார்கள். முழங்காலைத் தொடவேண்டிய இடத்தில் பெரும்பாலோர் தொடையோடு நிறுத்திக்கொள்வார்கள். பயிற்சி திருப்பதியில் என்றால்தான் ஆபத்து. செய்தி எப்படியோ சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிடும். "சார், முந்நூறு ரூபா டிக்கெட்டு நாலு வேணும்." "மாமா, மேலே ரூமு கெடைக்குமா?" "எதுக்கும் லட்டு மட்டும் ஒரு பத்து." சார் வந்திருப்பது 'வி'க்கும் 'டபிள்யூ'வுக்கும் உள்ள வேற்றுமையைக் கற்க. சொந்தக்காரர்கள் கணக்கில் அவர் தேவஸ்தானத்துக்கே டெபுடேஷனில் போயிருக்கிறார். மத்தியான இடைவேளையில் அவர் செல்போனும் கையுமாக மரத்தடியில் நிற்பது ஆங்கில உச்சரிப்புப் பழக அல்ல. யாரோ ஒரு கொழுந்தியாள் மகனுக்கு ஆன்லைனில் டிக்கெட் எப்படிப் போடுவது என்று தெலுங்கில் வகுப்பெடுக்கத்தான்.

முதல் நாள் முதல் வேலை அட்டெண்டன்ஸ். 2022-இல் முகத்தைப் படம் பிடித்து வருகை பதியும் ஆப் வந்ததிலிருந்து, ஆசிரியர்கள் காலையில் சுவாமி படத்துக்கு முன்னால் நிற்பதைவிட பயபக்தியோடு செல்போனுக்கு முன்னால் நிற்கிறார்கள். அடுத்தது ஐஸ் பிரேக்கர். அவரவர் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் ஓர் ஆங்கில உரிச்சொல்லைப் பெயரோடு சேர்த்துச் சொல்லவேண்டும். எங்கோ ஜான்களும் மேரிகளும் கலந்து உட்காரும் ஊரில் யாரோ கண்டுபிடித்த விளையாட்டு இது. திருப்பதி வட்டாரத்தில் என்ன ஆகும்? ஏழுமலையானுக்கு வேண்டிப் பெற்ற பிள்ளைகள். முக்கால்வாசிப் பெயர் 'வி'யில்தான் தொடங்கும். முதல் வெங்கடேஸ்வருலு 'வெரி குட்'டை எடுத்துக்கொள்வார். அடுத்த வெங்கடரமணாவுக்கு 'விக்டோரியஸ்'. மூன்றாமவருக்கு 'வெஜிடேரியன்' போய்விடும். நாலாவது வெங்கடசுப்பையா கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு 'வேகண்ட்' என்பார். போஸ்டிங் பட்டியலில் அடிக்கடி பார்த்த சொல். கைதட்டல்.

பிறகு ப்ரீ டெஸ்ட். பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, கடைசி நாளில் அதே வினாத்தாளில் இன்னொரு தேர்வு. இரண்டுக்கும் நடுவில் மதிப்பெண் ஏறினால் பயிற்சி வெற்றி. புதிதாக டி.எஸ்.சி. என்ற ஆசிரியர் தேர்வை எழுதி வேலைக்கு வந்த பிள்ளைகள் ப்ரீ டெஸ்டிலேயே எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும். அனுபவம் போதாது. ட்ரெய்னிங் சார் பதமாக நாலு தப்புப் போடுவார். முதல் நாளே முழு மார்க் வாங்கினால் ஆறு நாளில் எங்கே ஏறுவது? பாடம் எடுக்க வந்தவர் மேலே கணக்குக் காட்டவேண்டும். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

அந்தப் பாடம் எடுக்க வந்தவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவருக்கு ரிசோர்ஸ் பர்சன் என்று பெயர், சுருக்கமாக ஆர்.பி. போன கோடையில் இதே ஹாலில் நம் சாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தூங்கியவர்தான். நடுவில் பெங்களூருக்குப் போய்வந்தார். தென்மாநில ஆங்கில ஆசிரியர்களுக்கென்று 1963-இல் அங்கே தொடங்கிய ரீஜனல் இன்ஸ்டிட்யூட்டில் முப்பது நாள் படித்துவிட்டு, குப்பம் வழியாக ரயிலில் வந்து இறங்கியவர் நடையே மாறிவிட்டது. இப்போது 'குட் மார்னிங்'குக்குப் பதில் 'ஹவ் ஆர் வி ஃபீலிங் டுடே?' என்கிறார். எப்படி ஃபீல் ஆகும்? மின்விசிறி மூன்றில் ஒன்று ஓடவில்லை.

ஆசிரியருக்கு ஆசிரியரே பாடம் எடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு வயசு அதிகம். ஹைதராபாத்தில் 1958-இல் சென்ட்ரல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷ் தொடங்கியது. மறுவருஷம் மதராஸ் மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு இருபத்தேழாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு திட்டம் போட்டார்கள். சிலருக்குக் கற்றுக்கொடுப்பது, அவர்கள் பலருக்குக் கற்றுக்கொடுப்பது, அந்தப் பலர் ஊருக்கே கற்றுக்கொடுப்பது. இதற்கு 'மதராஸ் ஸ்நோபால்' என்று பெயர் வைத்தார்கள். பனிப்பந்து உருள உருளப் பெருக்கும் என்பது லண்டன் கணக்கு. நம் வெயிலில் உருட்டினால் என்ன மிஞ்சும் என்று பெயர் வைத்தவர் ஒரு மே மாதம் வேலூரில் நின்று பார்த்திருக்கலாம். சித்தூர் 1953-லேயே ஆந்திரத்தோடு போய்விட்டதால் அந்தப் பந்து இங்கே வரவில்லை. உருட்டும் வழக்கம் மட்டும் வந்துவிட்டது. தலைநகரில் பத்து நாள் நடந்தது, மாவட்டத்தில் ஆறு நாளாகி, மண்டலத்துக்கு வரும்போது ஒரு மத்தியானமும் இரண்டு சமோசாவுமாக நிற்கும்.

சார் இதில் பார்க்காத பந்து கிடையாது. அவர் மாணவராக இருந்தபோது வாத்தியார் பேனாவைத் தூக்கிக்காட்டி ஒரே வாக்கியத்தை நாற்பது முறை சொல்லவைத்தார். அது ஸ்ட்ரக்சுரல் முறை. சார் வேலைக்கு வந்தபோது பிரிட்டிஷ் உதவியோடு ஏ.பி.பி.இ.பி. என்றொரு திட்டம், பிள்ளைகள் செய்ததை எல்லாம் சுவரில் ஒட்டவேண்டும். சுவர் நிறைந்ததும் அது போயிற்று. அப்புறம் கம்யூனிகேடிவ் முறை, அப்புறம் டிஸ்கோர்ஸ் முறை, 2019-இல் மத்திய அரசின் நிஷ்டா பயிற்சி. அதே ஆண்டு நவம்பரில் ஒன்று முதல் ஆறு வரை ஆங்கில வழிக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆங்கில வழியும் நிற்கவில்லை, பயிற்சியும் நிற்கவில்லை. 2023-இல் டோஃபலே வந்தது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் எழுதுவதாக ஊரார் கேள்விப்பட்டிருந்த பரீட்சையின் சின்னப்பிள்ளைப் பதிப்பு, மூன்றாம் வகுப்பிலிருந்து. "மூணாவது படிக்கற பையன் எந்த ஊருக்கு சார் ஃப்ளைட் ஏறப்போறான்?" என்று ஒரு பெற்றோர் கேட்டதற்கு, சார் கொஞ்சம் யோசித்து, "பலமநேர் வரைக்கும் பஸ்ஸு ஏறுவான்" என்றார். மறுவருஷம் ஆட்சி மாறியது, டோஃபலும் போனது.

இத்தனை முறைகளுக்கு நடுவில், மதராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, 1979 முதல் ஐந்து வருஷம் தென்னிந்தியப் பள்ளிகளில் வேறொன்றைச் செய்துபார்த்தார். இலக்கணத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்கவைத்தார். ஆங்கிலம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது எண்ணம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட அதே மனிதர், 1990-இல், சிறந்த முறை என்று ஒன்று ஏன் இல்லை என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சார் அதைப் படித்ததில்லை. படிக்காமலே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து ரொம்ப நாளாகிறது.

மூன்றாம் நாள் ரோல் ப்ளே. ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, ஒருவர் ரயில்வே கிளார்க். மே மாதம் திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை நடக்கிற மாதமும்கூட. ஊர் முழுக்க பைராகி வேஷம், தோட்டி வேஷம், தொர வேஷம் என்று முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு போகும். சார் சின்ன வயதில் அம்மாவின் வேண்டுதலுக்காகப் புடவை கட்டி ஆடியவர். வேஷம் அவருக்குப் புதிதல்ல. நோயாளியாக நடித்து, 'டாக்டர், ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ட்ரெய்னிங்' என்று அவர் முனகியபோது ஹாலே எழுந்து நின்றது. ஆர்.பி. மட்டும் அதில் ஒரு இலக்கணக் குறிப்பு சொன்னார். ஜாத்திரையில் வேஷம் போட்டவர் யாரை வேண்டுமானாலும் திட்டலாம் என்று ஒரு நாள் உண்டு. பயிற்சி அட்டவணையில் அப்படியொரு பீரியட் இல்லாதது குறைதான்.

ஆறு நாளும் முக்கியமான போர் ஒன்று நடக்கும்: சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'உ'வை ஒழிப்பது. பஸ்ஸு, பெஞ்சு, புக்கு எல்லாம் வால் வெட்டப்பட்டு வெளியே வரும். தமிழ் வீட்டுக்காரரும் தெலுங்கு வீட்டுக்காரரும் ஒற்றுமையாகச் செய்யும் தப்பு அது ஒன்றுதான். மற்றபடி சாப்பாட்டு வரிசையில்கூடப் புளிஹோராவா புளியோதரையா என்று சச்சரவு உண்டு. கடைசி நாள் சாயங்காலம் சர்டிஃபிகேட்டோடு பஸ் ஏறியதும் கண்டக்டர் "டிக்கெட்டு, டிக்கெட்டு" என்பார். சார் "புத்தூரு ஒண்ணு" என்பார். போர் அங்கே முடியும்.

ஜூன் 12. சார் வேலை பார்ப்பது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். விசைத்தறிச் சத்தத்தில் பிறந்த பிள்ளைகள்; வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. மொழிப் பாடம் தவிர மற்றதற்கெல்லாம் கையில் கொடுத்திருப்பது இருமொழிப் பாடநூல்: இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அதே பாடம் தெலுங்கில். ஆங்கிலம் புரியாவிட்டால் கண்ணை வலப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் அசலூர்தான். சார் பயிற்சியில் கற்ற பாட்டை ஒருமுறை பாடவைப்பார், சார்ட்டைத் தொங்கவிடுவார், மேலதிகாரி வண்டி ஏதும் தெருமுனையில் தெரிகிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப்பார்ப்பார். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஆரம்பிப்பார்: "டேய், இத்தக் கேளு. இந்தக் கதைல வர்றவன் ஆத்தாங்கரைல இன்னா பண்றான்னா..." அரை மணியில் பின்பெஞ்சுப் பையன் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பான், தப்பாகத்தான், ஆனால் அவனுடைய கேள்வியாக. பயிற்சியில் 'உங்கள் வகுப்பறையின் சிறந்த நடைமுறை' என்று எழுதித்தரச் சொல்லும் தாளில் சார் இதை எழுதியதே இல்லை. "ஆக்டிவிட்டி த்ரூ சாங்" என்று எழுதுவார்.

கருத்துப் படிவத்திலும் அப்படித்தான். பயிற்சியை மேம்படுத்த உங்கள் ஆலோசனை என்ன என்ற கட்டத்தில், எந்த வருஷமும் 'எக்ஸலெண்ட்' என்பதைத் தவிர வேறு சொல் அவர் பேனாவில் வந்ததில்லை. போன கோடையில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு டீச்சரம்மா மட்டும் அந்தக் கட்டத்தை உண்மையிலேயே நிரப்பினார்: வெயில் தாங்கவில்லை, மே மாதத்தில் வேண்டாம், தசரா விடுமுறையில் வைத்தால் நன்றாக இருக்கும்.

மேலிடம் ஆலோசனையைப் படித்து, ஏற்றும்கொண்டது. மே மாதம் வழக்கம்போல ஆறு நாள். தசராவில் கூடுதலாக மூன்று நாள். அடுத்த பயிற்சியில் குரூப் பிரித்தபோது அந்த டீச்சரம்மா குரூப்பில் சேர ஓர் ஆள்கூட முன்வரவில்லை.