தாத்தா திரும்பி வந்தார்

1996-இல் வந்த 'இந்தியன்' படத்தில் சேனாபதித் தாத்தா, லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காகப் பெற்ற மகனையே கொன்றார். 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே தாத்தா, நூறைத் தாண்டிய வயதில், ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். சட்டையைக் கழற்றிச் சதையை முறுக்குகிறார். அவருடைய வர்மக்கலையைவிட, இந்த வயதிலும் இப்படி இருக்க என்ன வைத்தியம் என்று சொல்லியிருந்தால் நாட்டுக்கு உபயோகமாக இருந்திருக்கும். முதல் பாதியில் 'திரும்பி வாருங்கள்' என்று கெஞ்சிய ஜனங்களே பிற்பாதியில் 'திரும்பிப் போ' என்று கோஷம் போடுகிறார்கள். இயக்குநர் ஷங்கரின் படங்களில் இத்தனை யதார்த்தமான காட்சி அபூர்வம். வெளியான சில நாட்களில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். கத்திரிக்கோல் அங்கேயா நின்றுவிட வேண்டும்? போதாக்குறைக்கு, கடைசியில் மூன்றாம் பாகத்தின் டிரெய்லரும் உண்டு. ஊழல்வாதிகள் பயந்தார்களோ இல்லையோ, டிக்கெட் வாங்கியவர்கள் பயந்தது நிஜம்.