காவலைத் தளர்த்தினால் கையெழுத்து

வள்ளியூர்ப் பக்கம் ஒரு சிறுபாலத்துக்கு டெண்டர் போடுகிற ஒப்பந்தக்காரர், சிமெண்டு விலையோடு ஜாவாவின் பதிப்பு எண்ணையும் விசாரிக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. பிரவுசரில் ஜாவாவை அணைத்து வையுங்கள் என்று 2013 ஜனவரியிலேயே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. 2015 செப்டம்பரில் குரோம் ஜாவாவை ஓட்டும் வகைச் செருகுநிரலையே கைகழுவியது. நம் அரசு டெண்டர் தளங்களோ டிஜிட்டல் கையொப்பத்துக்கு ஜாவாவைத்தான் கேட்டன. ஆகவே கையொப்பச் சாவி இருக்கும் யூஎஸ்பி டோக்கனைச் செருகி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தேடிப்பிடித்து, ஜாவா கண்ட்ரோல் பேனலின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் அரசு முகவரியை விதிவிலக்காகச் சேர்க்க வேண்டியிருந்தது. கையெழுத்தைக் காக்கக் கணினியின் காவலைத் தளர்த்துவது; என்ன ஒரு நிர்வாக மூளை!

அரசுத் தளம்தானே, நம்பினால் என்ன என்பார்கள். தாராளமாக நம்பலாம். ஆனால் புதுப்பித்தால் கையொப்பம் நின்றுவிடுமோ என்று பயந்து வைத்திருந்த பழைய ஜாவாவோடுதான் அதே கணினி திருட்டு சினிமாத் தளத்துக்கும் போனது. ஜாவாவின் பாதுகாப்பு ஓட்டைக்கு அரசாங்கம், சினிமா என்ற பேதம் தெரியாது. இன்னொரு பிரவுசர் செருகுநிரலான ஃப்ளாஷுக்கான ஆதரவும் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்துபோயிற்று. உங்கள் கணினியில் அதுவும் பழைய ஜாவாவும் இன்னும் குடியிருந்தால், இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.