தனிப் பயிற்றுநர் இலக்கணம்: நன்னூல் வழி ஓர் ஆய்வு

பாயிரம்

கட்டணம் பெற்றுக்கொண்டு ஒருவரை மட்டும் தனியே நிறுத்தி, எடை தூக்கவும் குனிந்து நிமிரவும் வைத்து, அவர் 'போதும்' என்று சொன்ன பின்னும் இரண்டு முறை கூடுதலாகச் செய்விப்பவர் தனிப் பயிற்றுநர் எனப்படுவார். உடற்பயிற்சிக் கூடத்தில் சுற்றி வந்து எல்லோரையும் பொதுவாகக் கவனிக்கும் மாஸ்டர் இவ்வகையுள் அடங்கார். ஏனெனில் அவருக்குரிய ஊதியம் கூடத்தின் மாதக் கட்டணத்திலேயே அடங்கிவிட, தனிப் பயிற்றுநருக்கோ 'பி.டி.' என்ற பெயரில் வேறொரு கட்டணம் விதிக்கப்படுகிறது. இவரைத் தேடி அமர்த்தும் முறைக்குத் தமிழில் நூல் இல்லை எனக் கருதுவோர் உளர். அக்கருத்து பிழையென்பதும், பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரமே இதற்குப் போதும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

வரலாறு

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகிய மூன்றும் தமிழகத் தேகப்பயிற்சி சாலைகளில் நெடுங்காலம் வழங்கிவந்தன. 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ என்னும் ஜெர்மானியப் பயில்வான், 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆர்தர் கோனன் டாயிலை நடுவருள் ஒருவராக வைத்து உடலழகுப் போட்டி நடத்தி, அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்து போனார். அவர் பெயர் இங்கே சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னும், கையில்லாத பனியனுக்கு முன்னும் நிலைத்துவிட்டது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, பயிற்றுவித்தல் தனியே கற்க வேண்டிய கலை என்பது உறுதியாயிற்று. ஆயினும் பயிற்றுநரைத் தேடுவோர் இன்றும் பக்கின் வழியை விட்டுச் சாண்டோவின் வழியிலேயே செல்கின்றனர். அதாவது, புஜத்தைப் பார்த்து ஆசிரியரைத் தேர்கின்றனர். பயிற்றுநரின் புஜம் அவர் தமக்குப் பயிற்சி அளித்துக்கொண்டதற்குச் சான்றாகுமே அன்றி, நாற்பத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு வரும் வங்கி ஊழியருக்குப் பயிற்சி அளிக்கும் திறனுக்குச் சான்றாகாது. இத்தொழில் செய்ய உரிமம் பெற்றாக வேண்டும் என்ற சட்டமும் இந்தியாவில் இல்லையாதலின், சான்றிதழ் பல உளவெனினும், தேர்ந்தறியும் பொறுப்பு முழுவதும் அமர்த்துவோர் தலையிலேயே விழுகிறது.

வகை

ஆசிரியராகத் தகாதவர்க்கு நன்னூல் நான்கு உவமை கூறும். நான்கும் இன்றைய கூடங்களில் காணக் கிடைக்கின்றன.

முதலாவது கழற்குடம். கழற்சிக் காய்களை இட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவருவதில்லை. இவ்வகைப் பயிற்றுநர் திங்களன்று குத்துச்சண்டையும், புதனன்று கயிறு உதறுதலும், வெள்ளியன்று டிராக்டர் டயர் புரட்டுதலும் செய்விப்பார். காயமுற்ற படைவீரர்க்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டெலார்ம், எடையைச் சிறிது சிறிதாக ஏற்றிச் செல்லும் முறையை 1940-களில் வகுத்தார். சென்ற வாரம் தூக்கிய எடை எவ்வளவு என்று எழுதி வைக்காதவர்க்கு அம்முறை கைகூடாது.

இரண்டாவது மடற்பனை, தானாக விழும் பழம் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. 'இந்தப் பயிற்சி எதற்கு?' என்று கேட்டால், 'செய்யுங்க சார், போகப் போகத் தெரியும்' என்பது இவ்வகையினர் விடை.

மூன்றாவது பருத்திக்குண்டிகை; பஞ்சடைத்த இக்குடுக்கையில் அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. 'அதெல்லாம் அடுத்த பேக்கேஜ்ல சொல்றேன்' என்போர் இதன்பாற் படுவர்.

நான்காவதும் ஆய்வுக்கு மிக இன்றியமையாததும் முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்க்க, வளைந்து போய் அடுத்த வீட்டில் காய் உதிர்க்கும் தென்னை இது. கட்டணம் செலுத்தியவர் முழங்கைகளை ஊன்றிப் பலகைபோல் கிடந்து உடல் நடுங்க, பயிற்றுநர் அடுத்தவரிடம் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி உரையாடுவார். கீழே கிடப்பவர் 'எவ்வளவு ஆச்சு?' என முனகியதும், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே 'இன்னும் பத்தே செகண்ட்' என்பார். அப்பத்து நொடியின் நீளம் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டதன்று.

நன்னூல் மாணாக்கரையும் வகுத்துள்ளதால் நடுநிலை கருதி அதையும் சொல்ல வேண்டும். ஒரு செடியில் நில்லாது நுனி மேயும் ஆடு, கருவிக்கு ஒரு நிமிடமாகக் கூடம் முழுவதும் திரிபவரைக் குறிக்கும். குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, எடைத்தட்டுகளைக் கண்டபடி போட்டுவிட்டுப் போகிறவர். ஓட்டைக்குடமாகிய இல்லிக்குடம், பயிற்சி முடிந்த கையோடு எதிர்க்கடைப் பரோட்டாவுக்குள் நுழைபவர் என்று கொள்க.

தடை விடை

அற்றேல், இணையத்தில் காணொலி இலவசமாகக் கிடைக்கப் பயிற்றுநர் எதற்கு எனின், அறிவுக்காக அன்று. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனமே காசு வாங்காமல் சொல்லிவிட்டது. காலை ஆறு மணிக்கு ஒருவர் நமக்காக வந்து நிற்கிறார் என்னும் கூச்சத்தைத்தான் மனிதன் விலை கொடுத்து வாங்குகிறான். காணொலி எத்தனை நாள் காத்திருந்தாலும் அக்கூச்சம் பிறப்பதில்லை.

அற்றேல், முதல் நாள் வெறுங்காலுடன் ஏற்றி நிறுத்திக் கொழுப்பைக் கணக்கிடும் கருவி சான்றாகாதோ எனின், முழுச் சான்றாகாது, என்னை? அது உடலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, எழும் தடையைக் கொண்டு கொழுப்பை ஊகிப்பதாகலின், குடித்த தண்ணீருக்கும் சிந்திய வியர்வைக்கும் ஏற்ப எண் மாறும். அக்கருவி துப்பும் தாளின் முதற்பயன் அச்சுறுத்தல்; இரண்டாம் பயன் ஆண்டுச் சந்தா.

முடிபு

மேற்கூறியவற்றால், பயிற்றுநரை அமர்த்துமுன் ஒரு நாள் வெள்ளோட்டம் கேட்டு வாங்கி, நான்கு செய்திகளை நோக்குதல் வேண்டும் என்பது பெறப்படும். முழங்கால், இரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை அவராகவே விசாரிக்கிறாரா? எடையையும் எண்ணிக்கையையும் எழுதி வைக்கிறாரா? காரணம் கேட்டால் சொல்கிறாரா? எடை தலைக்கு மேல் இருக்கும்போது அவர் கண் எங்கே இருக்கிறது? இவற்றுள் இறுதி வினாவிற்கு விடை சரியில்லையேல், ஏனைய மூன்றும் பயனில. நான்கும் தேறினால், கட்டணத்தை மாதந்தோறும் கொடுக்க. ஆண்டு முழுமைக்கும் சேர்த்துக் கட்டற்க. பயிற்றுநர் வேறு கூடத்திற்கு மாறிவிட்டாலும், உறுப்பினர் போர்வையை விட்டு எழாவிட்டாலும், கட்டிய பணம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.